ரேக்ளாக் காளையின் பேர்

எங்கள் பனியன் கம்பெனியைத் தொடங்கியவர்கள் இரண்டு கூட்டாளிகள். சின்னவர், மடத்துக்குளம் ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் ஜெயித்த தன் காளையின் பேரையே பனியனுக்கு வைத்தார். கெட்டித் துணி. துவைக்கிற கல்தான் தேயும், பனியன் தேயாது என்பார்கள் கடைக்காரர்கள். காளை செத்தது. அறுபதுகளில் ஒரு மாசி மாதம் சின்னவரும் போய்ச் சேர்ந்தார். பேர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவருக்குக் கார்ப் பைத்தியம். மட்ட நூலில் மெல்லிசாக ஒரு பனியன் போட ஆரம்பித்தபோது கட்டிங் மாஸ்டரான என்னிடம் சொன்னார்: "சீமையில பந்தயக் கார் செய்யறவன் புது வண்டிக்குப் புதுப் பேரா தேடறான்? ஜெயிச்ச பழைய வண்டி பேரத்தான் வெக்கறான் மாஸ்டர். பேரு முன்னால ஓடும், வண்டி பொறவால வரும்."

"அங்க வண்டியும் ஓடுதுங்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காளைப் பேர் சின்னவருடைய பங்கு; புதுப் பனியனுக்கும் அதை வைக்க அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சம்மதிக்க வேண்டும். அக்கா புதுத் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"வேண்டாமுங்கண்ணா. எங்கூட்டுக்காரருன்னு மிச்சம் இருக்கறது இந்தப் பேரு ஒண்ணுதான். இந்த மெல்லிசு அதத் தாங்காது."

"சாமிகிட்டப் பூ கேட்டுப் பாப்பமே, அம்மிணி" என்றார் பெரியவர்.

அதற்கு அக்கா தலையாட்டினார். சாமி முன்னால் இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு; எடுத்ததில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம் முதல் கிணறு வெட்டுவது வரை எங்கள் பக்கம் அதுதான் தீர்ப்பு.

"தம்பியே மடிக்கட்டும். அவருகிட்டத் தொழில் கத்தவரு" என்றார் அக்கா, என்னைக் காட்டி.

கோயிலுக்குப் போகிற வழியில் பெரியவர் என் தோளைத் தட்டினார். "வெள்ளைதான் வரோணும், மாஸ்டர்." அவ்வளவுதான். முருகன் சன்னதித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து மடித்தேன். இரண்டிலும் வெள்ளை அரளி. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று சொல்வார்கள். அன்றைக்கு நான் பூனையேதான்.

அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்தார். பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆறே மாதத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கு திரும்பியது. மூன்று சலவையில் அக்குளில் கிழிசல். "காளைன்னு சொல்லிக் கன்னுக்குட்டியத் தலையில கட்டிட்டாங்க" என்று சந்தையில் சிரித்தார்கள். பழைய கெட்டிப் பனியனையும் யாரும் தொடவில்லை.

அக்கா ஒரு கிழிசல் பனியனை மடியில் வைத்து, லேபிளை மட்டும் நூல் நூலாகப் பிரித்தெடுத்தார்.

"நீங்க ஏந்தம்பி தலையத் தொங்கப் போடறீங்க? சாமிதானே சரின்னு சொல்லுச்சு. முருகனுக்கு எங்க மேல என்ன கோவமோ."

அதன் பிறகு அக்கா அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. நான் மட்டும் கிருத்திகை தவறாமல் போய் வருகிறேன்.