பாப்பா பெட்டி

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ‘சாதனையாளருடன் ஒரு மாலை’ என்று நிகழ்ச்சிக்குப் பெயர். சாதனையாளர் நான்தான், சிரிக்காதீர்கள். கார் வாசலில் நின்றபோது இரண்டு மாணவிகள் அப்போதுதான் என் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே போன மாதம் பேசிப்போன எண்ணெய் மில் அதிபரின் படம். அவரை முழுதாக மறைக்க முடியவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் அவருடைய மீசை நுனி எட்டிப் பார்த்தது. கண்ணாடியை இறக்கியதும் பசை வாசம் குப்பென்று உள்ளே வந்தது. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க எங்கள் பக்கம் துத்தம் போடாமல் பசை காய்ச்ச மாட்டார்கள்.

மேடையில் ஒரு பெண் எழுந்து, “மேடம், இந்தத் துறைய எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?” என்று கேட்டாள். உழைப்பு, விடாமுயற்சி, பெற்றோர் ஆசி என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. என்னைத்தான் ஒரு பெட்டியில் ஒட்டினார்கள்.

அப்பா கரிசல்காட்டு விவசாயி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பருத்தியும் கம்பும் போட்டுக்கொண்டிருந்தவர். மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததில் வெறுத்துப் போய், நிலத்தின் ஒரு பக்கம் ஷெட்டுகள் போட்டு, கம்பி மத்தாப்பு செய்ய லைசென்ஸ் வாங்கினார். பெட்டிக்கு ஒரு படம் வேண்டும். முருகன் படம் போடலாம் என்று அச்சாபீஸில் சொன்னார்கள். தீபாவளி விடிந்தால் தெருவெல்லாம் பெட்டிதான் கிடக்கும், சாமியைப் போய் மிதிப்பார்களா என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடைசியில் மூன்று வயதுப் பிள்ளையான என் முகம் போதும் என்று முடிவாயிற்று. என்னை யாரும் மிதித்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். ரோஸ் கவுன், இரட்டைச் சடை, கையில் பற்ற வைக்காத கம்பி மத்தாப்பு. விளக்கு வெளிச்சத்துக்குப் பயந்து நான் வாய்விட்டு அழுதிருக்கிறேன். இருட்டும் வரை பார்த்துவிட்டு, அழுத படத்தையே எடுத்துக்கொண்டு போனார்கள். அச்சாபீஸ் ஆர்ட்டிஸ்ட் கம்பி நுனியில் பொறி வரைந்தார். அப்படியே என் வாயை அழித்துவிட்டு ஒரு சிரிப்பும் வரைந்தார். இந்தியாவின் பாதி ஊர்களுக்குப் போன அந்தச் சிரிப்பு என்னுடையது இல்லை.

பெட்டிக்கு வேறொரு பெயர் உண்டு. அதை யாரும் சொன்னதில்லை. வடக்கே நாக்பூர்ப் பக்கம் கடைகளில் பாப்பா படத்தைக் காட்டித்தான் கேட்பார்களாம். ஊரில் நான் ‘பெட்டிப் பாப்பா’. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர் சிரிப்பார். பத்தாம் வகுப்பில் முகப்பரு வந்தபோது, “பெட்டியில வழுவழுன்னு இருந்தியேடி” என்றாள் கூட இருந்தவள். எனக்கு மட்டும் வயதாகிக்கொண்டிருந்தது.

இதில் கைராசி வேறு சேர்ந்துகொண்டது. ஆடிப் பெருக்கு அன்றுதான் எங்கள் பக்கம் புது சீசனுக்குப் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவார்கள். முதல் வருஷம் பூஜையில் நான் தவழ்ந்து போய் முதல் பெட்டி மேல் குங்குமக் கையை வைத்துவிட்டேனாம். அந்த வருஷம் சரக்கு அத்தனையும் விற்றுப் போயிற்று. அதிலிருந்து ஆடிப் பெருக்கன்று நான் காய்ச்சலில் கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியைத் தொட வைப்பார்கள். மூன்று வயதில் எதற்குத் தவழ்ந்தேன், நடந்திருக்க வேண்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். அப்பா, “கதையில குறுக்க பேசாத தாயி” என்றுவிட்டார்.

நான் வேதியியல் படித்தேன். அதுகூட மத்தாப்பு மருந்துக் கலவைக்கு உதவும் என்றுதான் அனுப்பினார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது சாயம். ஒரு துளி அமிலம் பட்டதும் நீலம் சிவப்பாக மாறுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோயம்புத்தூரில் ஒரு மில்லின் சாயப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வீட்டில் நாலு நாள் சொல்லாமலே இருந்தேன். ‘சீசன் முடியட்டும்’ என்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் கல்யாணம், கண் ஆபரேஷன், வெள்ளையடிப்பது, பங்காளிச் சண்டை எல்லாமே சீசன் முடிந்துதான். அது முடிகிறபோது அடுத்த சீசனுக்கு ஆர்டர் வந்திருக்கும்.

ஆனால் அப்பா அப்படிச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, கை காயும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னார்.

“நீ போ தாயி. பெட்டியில வேற பிள்ளயப் போட்டுக்கிடுவோம். எம்புட்டு நாளைக்குத்தான் உன்னையே நிப்பாட்டி வைக்க?”

அன்று அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் அவர், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வேறு பிள்ளை யார்? எங்கள் பெட்டி ஒட்டும் ஷெட்டில் பேச்சியம்மா என்று ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் எங்கள் காட்டில் களையெடுத்தவர்கள் அவருடைய குடும்பம். காடு ஷெட்டான பிறகு அவரும் ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய கடைசி மகள் மாரீஸ்வரிக்கு அப்போது நான்கு வயது. கன்னத்தில் குழி விழும். ஒருநாள் ஷெட் சாவி கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போன அப்பா அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வந்தார், முடிந்தது. அதே ஸ்டுடியோ, அதே மாதிரி ரோஸ் கவுன். அவள் அழவே இல்லை. தானாகவே சிரித்தாள். ஆர்ட்டிஸ்டுக்குப் பொறி வரைவதைத் தவிர வேலை இல்லை. புது லேபிள் அச்சாகி வந்த அன்று பேச்சியம்மா தெரு முழுக்கச் சீனிமிட்டாய் கொடுத்தார். “எங்க மாரி நாக்பூருக்குப் போறா” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாராம்.

கோயம்புத்தூரில் என்னை யாரும் பாப்பா என்று கூப்பிடவில்லை. என் பெயரை முழுதாகச் சொன்னார்கள். முதல் சில நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். விரலில் மத்தாப்பின் அலுமினியத் தூள் மினுமினுப்புப் போய், மஞ்சளும் ஊதாவும் ஏறின. மாலையில் ஹாஸ்டலுக்கு நடந்து வரும்போது ஒரு காரணமும் இல்லாமல் சிரிப்பு வரும். அது நானே சிரித்தது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஹாஸ்டலுக்குப் போன் வந்தது. அப்பா.

“சாப்பிட்டியா தாயி? ஒண்ணுமில்ல. நாக்பூர் லோடு திரும்பி வந்துருச்சு. நீ ஒண்ணும் கெளம்பி வர வேண்டாம்.”

பிறகும் அவர் போனை வைக்கவில்லை. நான் அன்றே பஸ் ஏறினேன்.

நடந்தது இதுதான். எங்கள் தொழிலில் ஒரு பெட்டி நன்றாக ஓடினால், அடுத்த வருஷமே அதே மாதிரி நாலு பெட்டி வந்துவிடும். அதே ரோஸ், அதே எழுத்து, முகம் மட்டும் கொஞ்சம் வேறு. எழுத்துப் படிக்காதவர்கள் அசலைக் கண்டுபிடிப்பது முகத்தை வைத்துத்தான். நாங்களே முகத்தை மாற்றி, நாங்களே எங்கள் சரக்கை டூப்ளிகேட் ஆக்கிவிட்டோம். வேறு எந்த ஊர்க்காரர்களாவது இப்படி ஒரு காரியத்தைச் செய்வார்களா, தெரியவில்லை. நாக்பூரில் எங்களுக்கு ஏஜெண்டாக இருந்தவர் விருதுநகர்க்காரர். அண்ணாச்சி என்போம். கோபத்தில் நேரிலேயே வந்துவிட்டார்.

“ஊரெல்லாம் போலின்னு திருப்பி அனுப்புதான். நம்ம பிள்ள மொகம் இருந்தாத்தான் ஓடும், சொல்லிட்டேன். இனி ஒரு வாரத்துல சரக்கு வரலேன்னா தீவாளி போச்சு. உங்க பேரும் போச்சு.”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்த லோடு அத்தனையையும் பிரித்து, பழைய லேபிளை மறுபடி அச்சடித்து, புதியதன் மேலேயே ஒட்டுவது என்று முடிவாயிற்று. ஷெட்டில் பசைச் சட்டிகளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே பேச்சியம்மா. தன் மகள் முகத்தில் பசையைத் தடவி, என் முகத்தை அதன் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவி விட்டார். அடுத்த பெட்டியை எடுத்தார். எனக்குத் தாங்கவில்லை.

“பேச்சிக்கா, நீங்க போய் பெட்டிகளக் கட்டுப் போடுங்க. இத நாங்க பாத்துக்கிடுதோம்.”

அவர் நிமிரவில்லை. “எதுக்குப் பாப்பா? வேத்தாளு ஒட்டுனா சுருக்கம் விழும். எம்பிள்ள உள்ளதான இருக்கா, வெயிலு படாம இருந்துட்டுப் போறா.”

அந்தப் பசை வாசம்தான் கல்லூரி வாசலில் வந்தது.

ஒட்டி அனுப்பினால் மட்டும் போதாது, கடைக்காரர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றார் அண்ணாச்சி. அதனால் அசலை நேரில் காட்டுவதென்று, அப்பாவும் நானும் நாக்பூர் போனோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். அண்ணாச்சி பெட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் என்னைக் காட்டி இந்தியில் ஏதோ சொல்வார். கடைக்காரர் பெட்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். ஒருவர் என்னைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். பெட்டியோடு ஒப்பிட்டுவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். வேறு யாரோ வரைந்த சிரிப்பை நான் எங்கே போய்க் கொண்டு வருவேன்? “வளந்துட்டால்ல” என்று அண்ணாச்சி தமிழிலேயே சமாளித்தார். அப்பா பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். அவரை அப்படிப் பார்த்தபோது, நான் இனி கோயம்புத்தூர் போகப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. கட்டிப் போட்டிருந்தால் அறுத்துக்கொண்டாவது ஓடியிருப்பேன்.

திரும்பி வந்ததும் அப்பா, “சீசன் முடியட்டும் தாயி, நானே பஸ் ஏத்தி விடுதேன்” என்றார். மனதாரத்தான் சொன்னார். சீசன் முடிவதற்குள் மில்லில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அடுத்த சீசனில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது, லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. மாப்பிள்ளை பார்த்தபோதும், பிள்ளை ஊரைவிட்டு வரமாட்டாள் என்பதுதான் முதல் நிபந்தனை. என்னைக் கேட்காமல் போட்ட நிபந்தனை. அப்புறம் சங்கத்தில் பொறுப்பு, மகளிர் தொழில்முனைவோர் அமைப்பில் தலைவி, பொன்னாடை, பூங்கொத்து. எங்காவது ஷெட்டில் வெடித்துவிட்டது என்று கேட்டால் நம்முடையதா என்று முதலில் போனைத்தான் எடுப்பேன். இன்றைக்கும் அப்படித்தான். இருநூறு குடும்பம் இந்த ஷெட்டை நம்பி இருக்கிறது, பூட்டிவிட்டுப் போ என்று யாரும் சொல்ல முடியாது. நானே எனக்குச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மாரீஸ்வரி நர்ஸ் படித்தாள். எங்கே வேலை பார்க்கிறாள் தெரியுமா? கோயம்புத்தூரில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வந்தவள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். அதே கன்னக்குழி பிள்ளைக்கும்.

“அம்மா எம்படம் போட்ட ஒரு பெட்டிய மட்டும் ஒட்டாம ஒளிச்சு வச்சிருந்துச்சுக்கா. அம்மா தவறுன பெறகு எடுத்துப் பத்த வச்சோம். நமுத்துப் போயி ஒரு கம்பிகூட எரியல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, “நீங்க ஏன்க்கா திரும்பப் போகல?” என்று கேட்டாள். யாரும் கேட்காத கேள்வி. சீசன் என்றேன். அவளும் இந்த ஊர்க்காரி அல்லவா, மேற்கொண்டு கேட்கவில்லை.

போன வருஷம் என் மகன் பெட்டியை மாற்றினான். புது டிசைன், மூலையில் கோடு கோடாக ஸ்கேன் செய்கிற கட்டம். நடுவில் ஒரு சிறுமி.

“யாருடா இந்தப் பிள்ள?”

“யாரும் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல செஞ்சது. இதுக்கு அப்பா அம்மாவே கிடையாது.”

முகம் மாறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன், கத்தினேன். அவன் அச்சுக்குக் கொடுத்துவிட்டான். ஆடிப் பெருக்கு பூஜை முடிந்து முதல் லோடு போனது. ஒவ்வொரு நாளும் திரும்பி வரப்போகும் லாரிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பொறுக்க முடியாமல் நாக்பூருக்கு நானே போன் போட்டேன். அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகு காலம், இப்போது அவர் பேரன்.

“சரக்கு நல்லா போகுது மேடம். இன்னொரு லோடு போடுங்க.”

“பெட்டியப் பாத்தீகளா தம்பி? படம் மாறியிருக்கு.”

“அப்படியா? வெலைதான் பாத்தேன். யாரு மேடம் இப்ப படத்தப் பாக்கா?”

பழைய லேபிள் அடித்த அச்சாபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஸ்டுடியோ இல்லை. மீதமிருந்த பழைய லேபிள்களைக் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். என்னை எங்கேயும் போகவிடாமல் வைத்திருந்த முகம் இந்த உலகத்தில் இப்போது எங்கேயும் இல்லை. ஒரு கடைக்காரர், ஒரு வாடிக்கையாளர், ஒருவராவது அந்தப் பாப்பா எங்கே என்று கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நாக்பூர் போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்று சோறு இறங்கவே இல்லை.