பிரஷ் நடுகிறவர்

படகும் மீனும் அணையைத் தாண்ட ஆற்றுத் தடுப்பணைகளுக்குப் பக்கத்தில் சரிவான வாய்க்கால் அமைக்கிறவர்கள் அவரை ‘பிரஷ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நடுவது பிளாஸ்டிக் பிரஷ்கள். முழங்கால் உயரக் கற்றைகளை வாய்க்காலின் தரையில் வரிசையாக நட்டால், துடுப்புப் படகு அவற்றை வளைத்துக்கொண்டு, அவற்றின்மேல் வழுக்கிக் கீழே இறங்கும். அடியில் மீன், ஒவ்வொரு கற்றைக்குப் பின்னாலும் நின்று இளைப்பாறி மேலேறும். கொத்தனாராக இருந்தவர் அவர். தண்ணீரில் மரத்தூள் தூவி, அது எங்கே சுழல்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

மனைவி இறந்த மாதத்திலும் அவர் லீவு எடுக்கவில்லை. “வீட்டுல உக்காந்து என்ன பண்ண?” என்றார். இந்த அணையின் வாய்க்காலில் பிரஷ் நட்டது அப்போதுதான்.

தண்ணீர் திறந்ததும் படகுப் பள்ளி நடத்துகிற பெண் படகில் ஒரே சறுக்கில் இறங்கி வந்தாள்.

“அண்ணே, என்னமா வழுக்குது! உங்களுக்குச் சிலையே வைக்கலாம்!”

மீன் மட்டும் ஏறவில்லை. வயிறு நிறைய முட்டையோடு அணையின் அடியில் கறுப்பாகத் திரண்டு நின்றது. இந்த வாரம் மேலே போகாவிட்டால் இந்த வருடம் குஞ்சு கிடையாது.

அவர் மரத்தூள் தூவினார். தூள் எங்கும் சுழலவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக ஓடியது. காய்ந்த தரையில் நடும்போது கால் வைக்க வரிசைக்கு ஒரு சந்து விடுவார்கள். அடுத்த வரிசையில் அந்தச் சந்தைச் சற்றுத் தள்ளி வேறிடத்தில் விட வேண்டும். அவர் தள்ளவே இல்லை. நேராகப் பின்னால் நடந்துகொண்டே நட்டிருக்கிறார்; சந்துகள் எல்லாம் ஒரே கோட்டில் திறந்து கிடந்தன. நட்டது எதுவும் நினைவில் இல்லை.

“யாரு அத்தான் இப்படி நட்டது?” என்றான் மச்சினன். இயந்திரம் ஓட்டுகிறவன், இறந்தவளின் தம்பி.

“நான்தான்.”

“நீங்களா? இதுக்கே என்னைய கண்ணு பொடனியிலயா இருக்குன்னு கேட்டிருக்கீங்க.”

“இப்ப நீ கேளு.”

அவன் போய், தண்ணீரை நிறுத்த மதகை அடைத்தான்.

படகுக்காரி கரையிலிருந்து கத்தினாள். “மாத்தி நட்டா வேகம் போயிடுமே அண்ணே! பசங்க என்னைத்தான் திட்டுவாங்க.”

“கொஞ்சம் துடுப்பு போடச் சொல்லும்மா. அதுக்குத்தான வர்றாங்க?”

இருவரும் ஒன்றுவிட்டு ஒரு வரிசையாகப் பிடுங்கி, சந்தைத் தள்ளி நட்டார்கள். மாலையில் தண்ணீர் வந்தது. தூள் ஒவ்வொரு கற்றைக்குப் பின்னாலும் சுற்றியது. சற்றுப் பொறுத்து ஒரு மீன் நுழைந்து, நின்று, அடுத்த வரிசைக்குத் தாவியது.

“ஏறுது அத்தான்! ஏறுது!” மச்சினன் கரையில் குதித்தான்.

வாய்க்காலுக்குள் நின்றிருந்தவர் “ம்” என்றார். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. எதுவும் வரவில்லை. தண்ணீருக்குள் விரல்கள் மரத்திருந்தன.

“வெளிய வாங்க, வெறச்சுப் போயிடுவீங்க.”

“இரு. ஒண்ணு நிக்குது.”

அவருடைய ரப்பர் பூட்ஸுக்குப் பின்னால் ஒரு மீன் ஒதுங்கி நின்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. அது போகிறவரை அவர் காலை எடுக்கவில்லை.