பகையாளி சொன்ன சாட்சி

தொண்ணூறுகளின் மத்தியில் நடந்தது இது. அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலி கோர்ட்டில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டபோது, ஏதோ பழைய பத்திரமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால், ஐரோப்பிய நாடு ஒன்றிலிருந்து வந்த இரண்டு வக்கீல்கள் கோட்டும் டையுமாக வேர்த்து வழிந்துகொண்டிருக்கிறார்கள்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

விஷயம் இதுதான். சீவலப்பேரிப் பக்கத்துக்காரர் ஒருவர் அந்த நாட்டு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தார். லீவில் வந்த இடத்தில் ராமேஸ்வரம் போய், தடை செய்யப்பட்ட ஓர் இயக்கத்துக்காகப் பார்சல் வாங்கினார் என்று, அவர் வேலைக்குத் திரும்பியதும் அந்த நாட்டுப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. பயங்கரவாதத்துக்குப் பயந்து நாடுகள் ஒன்றுக்கொன்று வழக்குகளில் உதவ ஒப்பந்தம் போட்டிருந்த நேரம். அதனால் அந்த நாட்டு கோர்ட் கேட்டுக்கொள்ள, நம்மூர் மாஜிஸ்திரேட் சாட்சிகளை விசாரித்தார்.

முதலில் அவருடைய மனைவி. போலீஸ் சொல்லும் அதே வெள்ளிக்கிழமை ஊரில் சாமிக்குக் கொடைத் திருவிழா நடந்தது, தன் கணவர்தான் சாமியாடி, காப்புக் கட்டியவர் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார் என்றார். நான் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த நாட்டு அரசு வக்கீல் அசரவில்லை. புருஷனைக் காப்பாற்ற மனைவி எதையும் சொல்வாள்தானே என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கே வாய் கூசியது.

அந்த அம்மாள் கொஞ்சமும் கலங்கவில்லை. "நாஞ் சொன்னத நம்ப வேண்டாம். அவுக சித்தப்பா மகனுக்கும் அவுகளுக்கும் ஆகவே ஆகாது. அவரக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றார்.

மறுநாள் அந்தப் பங்காளி வந்தார். வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். 'ஞாபகம் இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே அந்த மனுஷன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மாஜிஸ்திரேட் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டார். பங்காளி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே சொன்னார்:

"அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன் அய்யா. ஆனா அன்னைக்கு அவன் கால்ல விழுந்து துன்னூறு வாங்குனேன். சாமி வந்து நிக்கும்போது பகை பாக்க முடியுமா? அவன் ஊர்லதான் இருந்தான்."

பகையாளியின் காலில் ஏன் விழுந்தீர்கள் என்று அரசு வக்கீல் விடாமல் கேட்டார். அவன் காலில் நான் விழவில்லை, சாமி காலில் விழுந்தேன் என்று பதில் வந்தது. நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அந்த வக்கீல் பேனாவை மூடிவிட்டார். கோர்ட் என்பதால் கைதட்டாமல் அடக்கிக்கொண்டேன்!

சில மாதங்களில் சமையல்காரர் விடுதலையாகி ஊர் வந்து சேர்ந்தார். பங்காளிகள் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை, வரப்புத் தகராறும் தீரவில்லை.

ஆளைப் பிடிப்பதற்காக நாடுகள் போட்ட ஒப்பந்தம், ஓர் அப்பாவியை வெளியே கொண்டுவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இன்றும் சந்தேகத்தின்பேரில் யாரோ கைது என்று பேப்பரில் படித்தால், அவரைப் பிடிக்காத ஒருவரிடமாவது போய் உண்மையைக் கேட்டார்களா என்றுதான் என் மனம் முதலில் அடித்துக்கொள்கிறது.