வேண்டாம் என்கிற பொத்தான்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் ஃபோன் எடுத்துப் பேசும் வேலை எனக்கு. படிப்பு பத்தாவதுதான். எதிரே நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஃபோனில் முகம் தெரியாது என்பதால் பிழைத்துக்கொண்டிருந்தேன். 2010 வாக்கில் முதலாளி ஜாதக ஃபைல்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, வரன் தேடித் தர ஒரு சர்வர் வாங்கினார். நட்சத்திரம், படிப்பு, ஊர் என்று தட்டினால் பொருத்தமானவர்கள் திரையில் வரிசையாக வந்து நிற்பார்கள்.

என் மகளும் அதற்குள் இருந்தாள். புவனகிரியில் ஒரு குடும்பம் அவள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்றது. ஆடியில் ஆரம்பித்த கலப்பு, மார்கழியிலும் முடியவில்லை. அவர்கள் பதில் சொல்லாமல் இவளை வேறு இடத்தில் காட்டுவது முறையில்லை என்று, சர்வரில் அவள் ஜாதகத்தை மற்றவர்களுக்குத் தெரியாதபடி மூடி வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். மகள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

தை நெருங்க நெருங்க சர்வர் அடிக்கடி உறைந்துபோனது. பெற்றோர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் மாப்பிள்ளை படம் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிடும். முதலாளி சிதம்பரத்திலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்.

அவர் பொறுமையாக விளக்கினார். தேடும்போது சர்வர் தன் மெமரியில் எதையெதையோ எடுத்துப் பரப்பிக்கொள்ளுமாம். வேலை முடிந்ததும் வேண்டாததைப் பெருக்கி அள்ள உள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டாம். அது பெருக்குகிற நேரத்தில் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடுமாம். இடம் நிரம்பிக் கிடப்பதால் ஓயாமல் பெருக்குகிறது என்றார்.

முதலாளி காதில் விழுந்தது இடம் பற்றாது என்பது மட்டும்தான். கூட்டம் ஜாஸ்தியானால் பெரிய மண்டபம் பிடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். மெமரியை இரண்டு மடங்காக்கினார். அதன் பிறகு சர்வர் எப்போதாவதுதான் உறைந்தது. ஆனால் உறைந்தால், வந்தவர்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். பெரிய மண்டபத்தைப் பெருக்க நேரமாகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இன்ஜினியர் மறுபடி வந்து, மொத்தமாகப் பெருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும்படி மாற்றினார். சில நாள் நன்றாக ஓடி, பழையபடி நின்றது.

அடுத்த தடவை அவர் காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பெருக்குறதுல தப்பில்ல சார். யாராவது கையில புடிச்சிருக்குற சாமான அது அள்ளாது. இங்க எல்லாரும் எல்லாத்தையும் புடிச்சிட்டே இருக்காங்க."

அது முதலாளி கேட்டு வாங்கிய வசதி. ஒரு குடும்பம் பார்த்த வரன்களெல்லாம், அவர்கள் திரும்பி வரும்போது சட்டென்று வர வேண்டும் என்று மெமரியிலேயே வைக்கச் சொல்லியிருந்தார். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், நாங்கள் 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்துவோம், பிடி விட்டுவிடும். பொத்தான் புத்தம் புதிதாக இருந்தது. எங்கள் பக்கத்தில், வந்த சம்பந்தத்தை யார் வேண்டாம் என்பார்கள்? சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அதை நிஜம் என்று நம்பியது ஜில்லாவிலேயே அந்த சர்வரும் நானும்தான்.

ஒரு மாதம் பதிலில்லை என்றால் தானாக விட்டுவிடும்படி செய்யலாம் என்றார் இன்ஜினியர். யோசித்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்து பிடுங்குவது மரியாதையா என்று முதலாளி மறுத்துவிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டுக் கேட்க வேண்டியதுதான் என்று என்னைக் காட்டினார்.

"பாவம் அக்கா, கடைசியில உங்க கையில தொடப்பத்தக் குடுத்துட்டாரு" என்றார் இன்ஜினியர்.

லால்பேட்டையில், பையன் துபாயிலிருந்து லீவில் வரட்டும், இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம் என்றார்கள். வடலூரில் தைப்பூசம் போகட்டும் என்றார்கள். எந்த வருஷத்துத் தைப்பூசம் என்று கேட்க எனக்குக் கூச்சம். மத்தியானம் வரை பொத்தானுக்கு வேலையில்லை.

பிறகு புவனகிரி. பையனின் அம்மாவுக்கு என்னை மையத்தின் குரலாகத்தான் தெரியும். கடலூர்ப் பெண் ஜாதகம் என்று ஆரம்பித்தேன். வேணுமா வேண்டாமா என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அட, பையனுக்குத்தான் ஐப்பசியிலயே நிச்சயம் ஆயிடுச்சேம்மா. பொண்ணு நல்ல பொண்ணுதான். அவுங்க வீட்ல எப்டி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றது? நீங்களே பதமா சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். அதற்கு அதுதான் முதல் போணி. மிச்சமிருந்த வீடுகளில் நான் கூச்சப்படவில்லை. வேணுமா, வேண்டாமா, அவ்வளவுதான். இரண்டு பேர் திட்டினார்கள். நிறையப் பேர், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்த மாதிரி வேண்டாம் என்றார்கள். சர்வர் ஓடியது. தான் வாங்கிப் போட்ட மெமரி இப்போதுதான் செட்டானதாக முதலாளி எல்லோரிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அம்மா பதமாகச் சொல்லச் சொன்னது உட்பட.

"எங்க, பதமா சொல்லு பாப்போம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். "வேண்டாமாம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நாளைக்கே தன் ஜாதகத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திறந்து வைக்கச் சொன்னாள். யார் பார்த்தாலும் பதில் சொல்ல ஒரு வாரம்தான் கெடு என்றும் சொன்னாள்.