மெர்லினின் பகல் தூக்கமும் சிவப்பு மாத்திரையும்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையோரக் குடியிருப்பில் மெர்லின் பகலெல்லாம் தூங்கினாள். வயிற்றில் ஐந்தாம் மாதம். கணவன் ஜூட் விடியலில் பரிசலில் போய் மீனோடு திரும்பும்போது அடுப்பில் சோறு பாதி வெந்து கிடக்கும். அவள் சுவரில் சாய்ந்தபடி எங்கோ போயிருப்பாள்.

போன இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களைப் பற்றிக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். கண்ணை மூடினால் அந்தத் தெருக்களில் நடந்தாள். தலைக்கு மேலே வெயில் பச்சையாக ஆடும். கெளுத்தி மீன்கள் வாசற்படிகளில் ஏறி இறங்கும். உடம்பில் கனமே இருக்காது. எதிரே ஒரு குழந்தை போய்க்கொண்டிருக்கும். கூப்பிட்டால் நிற்காது, தொலைந்தும் போகாது.

இரத்த அளவு பதினொன்றாவது இருக்க வேண்டும், எட்டுதான் இருக்கிறது என்று சொல்லி நர்ஸ் மஞ்சுளா இரும்புச் சத்துக்கான சிவப்பு மாத்திரைகளைக் கொடுத்திருந்தார். அதைப் போட்டால் வாயில் துரு ஊறும், குடல் புரளும். மெர்லின் சீக்கிரமே நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. குமட்டல் நின்றது, கனவு தடையில்லாமல் வந்தது. அது சுகமாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு சௌந்தர்யாவும் பிள்ளைத்தாய்ச்சிதான். அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் தனியார் டாக்டரிடம் காட்டி இனிப்பான டானிக் வாங்கித் தந்திருந்தான்.

"இதைக் குடிச்சுப் பாருங்கக்கா, வயித்தை ஒண்ணும் பண்ணாதுங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினாள்.

மெர்லினுக்கு அது பிடித்துப்போயிற்று. நினைத்தபோது ஒரு கரண்டி குடித்தாள். வயிறு அமைதியாக இருந்தது. தூக்கம்தான் குறையவில்லை.

ஒருநாள் காலை துணி அலசிக்கொண்டிருந்தபோது தண்ணீருக்குள் அந்தத் தெரு தெரிந்தது, கண் திறந்திருக்கும்போதே. எழுந்து உள்ளே நடந்தாள். முழங்கால், இடுப்பு என்று குளிர் ஏறியது அவளுக்கு உறைக்கவில்லை. சௌந்தர்யா தன் வயிற்றையும் மறந்து ஓடிவந்து, கூந்தலைப் பிடித்து இழுத்துக் கரையில் கிடத்தினாள்.

அன்றைக்கே ஜூட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்; சௌந்தர்யாவும் தன் டாக்டர் சீட்டோடு கூட வந்தாள். மாத்திரையை நிறுத்தியதை மெர்லின் அங்கேதான் தலைகுனிந்து சொன்னாள். டாக்டரம்மா மாத்திரை அட்டையையும் டானிக் பாட்டிலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டுலயும் இரும்புதாம்மா. மாத்திரைல அதிகம், அதான் வயித்தைப் புரட்டுது. இந்த டானிக்குல கரண்டிக்குக் கொஞ்சந்தான். உங்க தோழிக்கு லேசான குறை, அளந்து குடிக்கிறதால அது போதும். உங்களுக்குப் போதாது. எது உசத்திங்கிற பேச்சே இல்ல. உங்க வயிறு தாங்கறதை விடாம சாப்பிடணும்."

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம், டீ மட்டும் அப்போது கூடாது, மலம் கருத்தால் பயப்பட வேண்டாம் என்றார். அப்படியும் இரத்தம் ஏறாவிட்டால் இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றலாம் என்று தைரியம் சொன்னார்.

ஜூட் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. மாத்திரை நாளில் அவனே எலுமிச்சம்பழம் பிழிந்து, அவள் விழுங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். குமட்டல் இருந்தது, ஆனால் தாங்க முடிந்தது. மெல்ல மெல்ல நகங்களில் நிறம் வந்தது. தூக்கம் குறைந்தது. கனவில் வந்த தெருக்கள் மங்கின.

ஒரு மதியம் தூக்கமே வராமல் அவள் அழுதாள்.

"அந்தக் கொழந்தை அங்கயே நின்னுடுச்சுன்னா என்னங்க பண்றது?"

ஜூட்டுக்குக் கனவு பற்றி ஒன்றும் தெரியாது. அவள் கையை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்தான்.

"அப்ப இங்க ஒதைக்கறது யாரு புள்ள?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு வெகுநேரம் கையை எடுக்காமல் இருந்தாள்.

இரத்தம் பத்தைத் தாண்டிய பிறகுதான் வலி எடுத்தது. அத்தனை வலியையும் மயங்காமல் தாங்கி, விடியலில் பெண் குழந்தை பெற்றாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜூட் உள்ளே வந்து பிள்ளையின் விரல்களைத் தொட்டுப் பார்த்தான்.

"பசிக்குதுங்க. சூடா இட்லி கெடைக்குமான்னு பாருங்க" என்றாள் மெர்லின்.