துடைப்பமும் ஆடாத குருவியும்

பறவைக் கூடத்தில் எல்லாரும் கூட்டிப் பெருக்கும் அவளைப் 'பம்பரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதே தட்டைத் துடைக்கிற ரகம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே வளர்த்த அந்தக் காட்டில் ஒரு சருகு விழுந்தால் போதும், துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.

அங்கே புதிதாக வந்திருந்தான் ஒரு சின்ன ஆண் குருவி. தலை கறுப்பு, கழுத்து பளீர் மஞ்சள். மாப்பிள்ளைக் களைக்குக் குறைவில்லை. இந்த இனத்து ஆண் தரையோரம் துள்ளி ஆடினால்தான் பெண் திரும்பிப் பார்க்குமாம். இவனோ சீக்குக் கோழி மாதிரி கிளையிலேயே கிடந்தான்.

"வெள்ளிக்கிழமை இங்க இருக்கிற பொண் குருவிய வேற ஊருக்கு அனுப்பிடுறேன். அங்கயாவது ஜோடி சேரட்டும்" என்றார் பறவை மருத்துவர்.

குஞ்சிலிருந்து பம்பரம் தன் கையால் ஊட்டி வளர்த்த பெண் அது. தரை அழுக்காக இருப்பதால்தான் ஆடவில்லையோ என்று, இரண்டு வேளை கூட்டியவள் மூன்று வேளை கூட்டினாள்.

வியாழக்கிழமை, தான் கழுவிய தரையில் தானே வழுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போகச் சொன்னால் கேட்கிற ஆளா? முக்காலியில் கிடந்தாள். கண்ணெதிரே சருகுகள் விழுந்தன. கை நமநமவென்று அரித்தது.

அப்போது ஆண் குருவி கீழே இறங்கினான். ஒரு சருகைக் கவ்வி அப்பால் எறிந்தான். பிறகு இன்னொன்று. தரையை வட்டமாகச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு செடிகளுக்கு நடுவே துள்ளினான். சிறகு சொடக்குப் போட்டது.

"அடப்பாவி, உன் வேலையத்தான் நான் புடுங்கிட்டு இருந்தேனா!"

பெண் எட்டிப் பார்த்ததோடு சரி, இறங்கவில்லை.

மறுநாள் மருத்துவர் வலையும் பெட்டியுமாக வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். நேத்து ஆடினான். இந்தக் கண்ணால பாத்தேன்."

"சரி, உனக்காக அஞ்சு நிமிஷம்."

ஆண் இறங்கி வந்த நேரம் பார்த்து, அவனைவிடப் பெரிய இலை ஒன்று நட்டநடுவில் விழுந்தது. இழுத்தான், அசையவில்லை. மறுபடியும் இழுத்தான்.

"பாவம், நானே எடுத்துப் போட்டுடறேன்" என்று மருத்துவர் எழுந்தார்.

பம்பரம் அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். "தொடாதீங்க!"

இலை இம்மி இம்மியாக நகர்ந்து ஓரத்துக்குப் போனது. அவன் துள்ளினான். பெண் கிளைவிட்டுக் கிளை இறங்கி, எதிர்ச்செடியில் வந்து உட்கார்ந்தது. பிறகு அதுவும் துள்ளியது.

மருத்துவர் காலிப் பெட்டியைக் காலால் வெளியே தள்ளினார்.

"கைய விடும்மா, வலிக்குது" என்றார்.

அவள் விடவில்லை. விட்டால் எழுந்துபோய் எதையாவது துடைத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.