முழங்கால் அவளுடையது

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. நான் எடுத்தேன். எடுக்காமல் விட்டிருக்கலாம்…

புதிய வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. (பழையவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம் – உங்களுக்கு ஜெசிந்தாவைத் தெரியும்.) என் மனைவி உதைபந்தாட்டக்காரி. பொழுதுபோக்குக்கு அல்ல, தொழிலே அதுதான். பத்து வருடத்துக்கு மேலாகச் சம்பளத்துக்கு விளையாடுகிறாள். மாலைதீவில் இரண்டு சீசன், மிச்சமெல்லாம் கொழும்பில் ஒரு கழகம். வயது முப்பத்து மூன்று.

இதைத் திருகோணமலையில் ஒருவருக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியமா? துறைமுகத்தடியில் நான் வேலை செய்யும் கந்தோருக்குப் புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"மனிசி என்ன செய்யிறா?"

"புட்போல் விளையாடுறா."

"அது சரி… என்ன வேலை செய்யிறா?"

நான் ஃபைலைத் திறந்துகொண்டேன். கலியாணமான நாளிலிருந்து இதே கேள்விதான். மனிதனுக்குக் களைக்காதா?

ஜெசிந்தா விளையாடுவது மிட்பீல்டில். பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னால் கொடுக்க வேண்டும். எதிரணி பந்தோடு வந்தால் பின்னால் ஓடித் தடுக்க வேண்டும். தொண்ணூறு நிமிடமும் இதுதான். கோல் அடித்தவளின் படம் பேப்பரில் வரும். ஜெசிந்தா இருக்கிற படமும் ஒருமுறை வந்தது. முழங்கை மட்டும். அதை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கு "இது நான்தான்" என்று காட்டிச் சிரிப்பாள்.

நிலாவெளியில் கரைவலை இழுத்தவரின் மகள். அண்ணன்மார் மூன்று பேரோடும் மணலில் ஓடிப் பழகியவள். "மணலில ஓடினவளுக்குப் புல்லு ஒரு பெரிய விஷயமோ?" என்பாள். புல் ஒன்றும் செய்யவில்லை. முழங்கால்தான் செய்தது. வலது முழங்கால் இரண்டு முறை சுளுக்கியது. மூன்றாம் முறை, போன வருடம், லிகமென்ட் அறுந்தது. ஒப்பரேஷன். பிறகு எட்டு மாதம் வீட்டில்.

கலியாணமாகி ஏழு வருடத்தில் நாங்கள் தொடர்ச்சியாகச் சேர்ந்திருந்தது அந்த எட்டு மாதம்தான். விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் கடற்கரையில் நடப்பாள், பிறகு ஓடுவாள், வந்து காலுக்கு ஐஸ் கட்டுவாள். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லை" என்பாள். பொய்.

சரி, போனுக்கு வருவோம். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்த வீட்டுப் போன் அடித்தது. கழகத்தின் மனேஜர்.

"ஜெசிந்தாவைச் சனிக்கிழமை வரச் சொல்லுங்கோ. ஓட்டம் பார்க்கோணும். சரியெண்டால் இந்த சீசனுக்கும் எடுக்கலாம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'இருங்கோ, குடுக்கிறன்.' இரண்டே சொல்.

"அவவுக்கு ஏலாது. முழங்கால் சரிவராது" என்றேன்.

"அப்பிடியோ… சரி, கவனமா இருக்கச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

பத்து வருடத் தொழிலை ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்!

ஜெசிந்தா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "ஆர் போனில?"

"பிழையான நம்பர்."

ஏன் அப்படிச் செய்தேன்? அவளுடைய காலுக்காக என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாதி உண்மை. மற்றப் பாதியை எழுத வெட்கமாக இருக்கிறது. மட்ச் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் பஸ் நிலையத்தில் அவளுக்காகக் காத்திருந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் ஏற்றி அனுப்பி, மிச்ச நாளெல்லாம் எனக்கு நானே சமைத்துச் சாப்பிட்டு… எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

புதன் போனது. வியாழன் பின்னேரம் அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கழகத்தில இருந்து இன்னும் போன் எடுக்கேல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, தலையை நிமிர்த்தாமலே, "என்னை மறந்திட்டினம் போல."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஏலாது எண்டு சொல்ல நீங்கள் ஆர்?"

"உம்மட காலைப் பார்த்துத்தான்…"

"காலைச் சாட்டாதேங்கோ. உங்களுக்குக் களைச்சுப் போச்சு. அதைச் சொல்லுங்கோ."

"ஓம். களைச்சுப் போச்சு."

"எனக்கும்தான்" என்றாள். "ஆனா அதை நான் சொல்லோணும். என்ர வாயால."

கையைக் கழுவிவிட்டு மனேஜருக்குப் போன் எடுத்தாள். "சேர், அவர் என்னைக் கேளாமச் சொல்லிப்போட்டார். நான் சனிக்கிழமை வாறன்."

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நானும் ஏறினேன். "உங்கட விருப்பம்" என்றாள். கந்தளாய் தாண்டும்வரை யன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹபறணையில் பஸ் நின்றபோது இறங்கிப்போய் எனக்கும் ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள். சமாதானமாகிவிட்டோமா என்று முகத்தைப் பார்த்தேன். "ஆறப்போகுது, குடியுங்கோ." அவ்வளவுதான்.

மூன்று மணி வெயிலில் ஓட்டம் தொடங்கியது. இருபது வயதுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர், நடுவில் ஜெசிந்தா. ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு ஓட வேண்டும். விசில் ஊதுவதற்குள் போய்ச் சேராவிட்டால் வெளியே. விசிலுக்கும் விசிலுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். நான் மதிலோரம் கிடந்த ஒரு மரவாங்கில் உட்கார்ந்து பார்த்தேன்.

அழகான ஓட்டம் என்று சொல்லமாட்டேன். வலது காலை ஊன்றும்போதெல்லாம் தோள் ஒரு பக்கம் சரிந்தது. ஆனால் கோட்டைத் தொட்டாள். ஒவ்வொரு பிள்ளையாக விலகிப் போக, அவள் தொட்டுக்கொண்டே இருந்தாள். கடைசி விசிலின்போது நின்றவர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி என் மனைவி. நான் எழும்பி நின்றிருந்தேன். எப்போது எழும்பினேன் என்று தெரியவில்லை.

மனேஜர் போய்க் கை கொடுத்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் திரும்ப ஏதோ கேட்டார். அவள் தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"எடுத்தாச்சோ?"

"எடுக்கிறன் எண்டார். நான் வரேல்ல எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்? ஓடினனீர்தானே!"

"ஓடினனான். காலில பிழையில்லை. கடைசி விசிலுக்கு மற்றப் பிள்ளையள் துள்ளினவை. எனக்கு… ஒண்டும் வரேல்ல. வீட்டை போவம் எண்டுதான் இருந்தது."

வாங்கில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கள் எனக்கு ஏலாது எண்டு சொன்னீங்கள். எனக்கு ஏலும். இனிப் போதும் எண்டு நான் சொன்னன். ரெண்டும் ஒண்டில்லை."

அழுதாளா என்று கேட்பீர்கள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரவு பஸ்ஸில் வீடு வந்து, ஞாயிறு முழுக்க அவளுக்கு நித்திரை. திங்கள் விடிய ஐந்து மணிக்குப் பழக்கதோஷத்தில் எழும்பி வாசற்படியில் போய் இருந்தாள். "இன்னும் கொஞ்சம் படுமன்" என்றேன்.

"இது படுத்தால் போற களைப்பில்லை."

பக்கத்தில் இருந்தேன். இனி என்ன செய்யப் போகிறீர் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவளே யோசிக்கட்டும்.

நாமெல்லோரும் இதைத்தானே செய்கிறோம்? டொக்டர் அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு நாமே பதில் சொல்கிறோம். யாராவது சுற்றுலாவுக்குக் கூப்பிட்டால், "அப்பாவுக்கு அதெல்லாம் சரிவராது" என்று அப்பா வாய் திறக்குமுன் முடித்து வைக்கிறோம். கேட்டால், பாசமாம்!

களைத்தவருக்குக் கதிரையை இழுத்துப் போடலாம். அவருக்குப் பதிலாக நாம் உட்கார முடியாது.